மனத்துக்கும் வைத்தியம் உண்டு: பட்டிமன்றத்தில் உளவியல் அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

மனத் துயரைத் தீர்க்கப் பெரிதும் கைகொடுப்பது, ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே என்கிற அத்வைத ஞானமா, உளவியலா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி நேராக ரமணரிடம் போய்விட்டார். 1896 ஜூலையில் மதுரை வீட்டு மாடியில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குத் திடீரென்று மரண பயம் வந்ததையும், அவன் யாரையும் கூப்பிடாமல் பிணம் போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்ததையும், பயம் அன்றோடு ஒழிந்ததையும் உருக்கமாகச் சொன்னார். நானும் கைதட்டினேன். அதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் அவர் 1949-க்கு வரவே இல்லை. அந்த ஆண்டில் ரமணரின் இடது முழங்கைப் பக்கம் புற்றுக்கட்டி. ஒரே வருடத்தில் நான்கு அறுவை சிகிச்சைகள், ரேடியம் சிகிச்சையும் நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்றபோது வேண்டாம் என்றார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உடம்பு நானல்ல என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அந்த உடம்பை டாக்டர்களின் கத்திக்கு நான்கு முறை ஒப்புக்கொடுத்தார்.

இப்போது அத்வைதத்தின் கணக்குப்படியே பார்ப்போம். அது அன்னமய கோசம் என்கிற உடல் உறையில் ஆரம்பித்து ஆத்மாவை மூடியிருக்கும் ஐந்து உறைகளைச் சொல்கிறது, உடம்பு ஓர் உறை, மனம் இன்னொன்று, இரண்டுமே ஆத்மா இல்லை, இரண்டுமே ஜடம் என்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும். முழங்கைக் கட்டிக்கு டாக்டர் வரலாம் என்றால், மனோமய கோசம் என்கிற மன உறையில் நோய் வந்தவரை மட்டும் ஏன் "நீ மனம் இல்லையப்பா, நீ சச்சிதானந்தம்" என்று சொல்லி வாசலோடு அனுப்ப வேண்டும்? இந்தக் கேள்விக்கு எதிரணி பதில் சொல்லியாக வேண்டும்.

பீதி நோய் வந்தவரைப் பாருங்கள். பஸ்ஸில் போகும்போது நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், ஹார்ட் அட்டாக் என்று பதறி நடுவழியில் இறங்கிவிடுவார். ஈசிஜி எடுத்தால் ஒன்றும் இருக்காது. மறுநாள் பஸ் ஏற மாட்டார், அப்புறம் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக மாட்டார். அவரை உளவியலாளர் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றுவார், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடச் சொல்வார். அவர் எதற்கு அஞ்சி ஓடினாரோ அதே படபடப்பு அந்த அறையிலேயே வரும், ஏறும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும். மறுபடியும் செய்வார்கள். இது வந்தால் செத்துப்போவோம் என்று உடம்பு பிடித்துவைத்திருந்த பாடம் அப்படித்தான் கழல்கிறது. மதுரை மாடியில் அந்தப் பையன் தன்னந்தனியாக, ஒரே அமர்வில் செய்தானே, பயத்துக்கு முதுகு காட்டாமல் நிற்பது, அதையே நம்மைப் போன்றவர்கள் படிப்படியாகச் செய்யக் கைபிடித்துக் கூட்டிப்போகிறது உளவியல். ரமணர் கோடியில் ஒருவர். மீதிப் பேரும் நிம்மதியாகத் தூங்க வேண்டுமே!

இன்னொன்று. "நான் யார்" என்று உள்ளே தேடும் ஆத்ம விசாரம் எல்லாருக்கும் உடனே கொடுக்கிற மருந்து என்று அத்வைதமே சொல்லவில்லை. விவேகம், வைராக்கியம், மனத்தை அடக்கும் சமம், புலன்களை அடக்கும் தமம் முதலான ஆறு குணங்கள், விடுதலை வேண்டும் என்கிற தவிப்பான முமுட்சுத்துவம் என்று தகுதி கேட்கிறது. ரமணரிடம் கேள்வி கேட்டு "நான் யார்?" என்ற நூல் உருவாகக் காரணமான சிவப்பிரகாசம் பிள்ளை தத்துவம் படித்தவர், அரசு வேலையில் இருந்தவர், தேடிப் போய்க் கேட்டவர். சின்ன வயதில் அடிபட்டு மிதிபட்டு, தனக்கென்று ஒரு ஆசைகூட இருக்கலாம் என்பதே தெரியாமல் வளர்ந்த ஒருவரிடம் போய் "அகந்தையை விடு" என்றால் அவர் எதை விடுவார்? சிலருக்கு அதிர்ச்சிக்குப் பிறகு, தான் தானாக இல்லை, கை தன் கை இல்லை, உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறது என்றெல்லாம் தோன்றும். அது ஞானம் இல்லை, நடுக்கம். அவரிடம் "நான் என்பதே பொய்" என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். தீராத காயத்தை ஆன்மிகத்தால் மூடித் தாண்டிப்போகும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எச்சரித்த ஜான் வெல்வுட் தியானத்துக்கு எதிரி அல்ல, பௌத்த தியானம் பழகிய அமெரிக்க மனநல சிகிச்சையாளர்.

உளவியல் தியானத்தை ஒதுக்கவும் இல்லை. டீஸ்டேல், வில்லியம்ஸ், சீகல் என்ற உளவியலாளர்கள் மூவரும் எட்டு வாரத் தியானப் பயிற்சி ஒன்றை உருவாக்கி, மனச்சோர்விலிருந்து தேறியவர்களிடம் சோதித்து 2000-ல் முடிவைச் சொன்னார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ சோர்வு வந்தவர்களுக்கு அது திரும்புவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை, அதையும் சேர்த்தே எழுதினார்கள். யாருக்கு வேலை செய்யவில்லை என்று சொல்லுகிற அந்த நேர்மைக்காகத்தான் நான் இந்த அணியில் நிற்கிறேன்.

சிகிச்சைக்குக் காசு ஆகிறது, மருத்துவர்கள் போதவில்லை என்றார்கள் எதிரணியில். ஒப்புக்கொள்கிறேன், அது பெரிய குறை. ஆனால் பற்றாக்குறைக்கு மருந்து இன்னும் நிறைய மருத்துவர்கள்தான். 2022-லிருந்து டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியில், 14416 என்ற எண்ணில், இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று கேட்டு உட்காருகிறேன். கல்லூரி முதல் வருடப் பெண் ஒருத்தி, பல நாளாகத் தூக்கம் இல்லை, மாடியிலிருந்து குதி என்று காதில் குரல் கேட்கிறது, அம்மா அழுதுகொண்டே உங்களிடம் அழைத்து வந்திருக்கிறார். இன்று ராத்திரி அவளுக்கு என்ன செய்வீர்கள்? அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.