சுண்டெலியிடம் கேட்ட கேள்வி

(உலக நீரிழிவு தினத்தையொட்டி மட்டக்களப்பு நகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மாரி மழையையும் பொருட்படுத்தாது வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, தாதியரே, உயர்தர உயிரியல் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆரையம்பதியில் எனக்கு நெருங்கிய ஒருவர், பத்து வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர், அண்மையில் தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். ஓர் இலையின் சாறு எலிகளின் நீரிழிவைக் குணப்படுத்திவிட்டதாக ஆய்வுகூடத்தில் நிரூபித்துவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. "அப்ப நான் குளிசையை நிப்பாட்டலாமா, தம்பி?" என்று அவர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு முறையாக விடை சொல்லவே இன்று இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் சுண்டெலிகளைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது. காலையில் கூடுகளைப் பார்க்கும்போதே எந்த எலிக்கு நோய் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஏனைய கூடுகளில் மரத்தூள் உலர்ந்து கிடக்க, நோய் கண்ட எலியின் கூட்டில் மட்டும், முதல் நாள் மாற்றிய தூள் ஒரே இரவில் மூத்திரத்தில் ஊறிக் கனத்துப் போயிருக்கும்; தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக இருக்கும். சலம் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நோயை அறிந்த நம் முன்னோரின் கண் எனக்கு அங்கேதான் விளங்கியது. பிறகு வால் நுனியில் சிறு கீறலிட்டு, அங்கே திரளும் ஒரு துளி இரத்தத்தை, உங்கள் வீடுகளில் இருப்பதைப் போன்ற ஒரு குளுக்கோமீற்றரின் பட்டியில் தொடுவோம். 25 கிராம் எடையுள்ள அந்த உயிரின் உடல் முழுவதிலும் ஓடும் இரத்தம் 2 மில்லிலீற்றர் அளவுதான் என்பதால், அந்த ஒரு துளியையும் வீணாக்கக் கூடாது.

ஏன் சுண்டெலி என்று கேட்பீர்கள். கணையம் என்றும் சொல்லப்படும் சதையியை அகற்றினால் நீரிழிவு வரும் என்று 1889இல் காட்டியதும், 1921இல் ரொறன்ரோவில் பாண்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இன்சுலினைக் கண்டதும் நாய்களில்தான். சுண்டெலியோ சினையுற்று ஏறத்தாழ மூன்று வாரத்தில் குட்டி ஈனும். அதன் வாழ்நாள் இரண்டு வருடமளவே. பல தலைமுறைகள் உடன்பிறப்புகளைச் சேர்த்து வளர்த்தால், உருவொத்த இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒரே மரபணுக்களைக் கொண்ட ஆயிரம் எலிகளைப் பெறலாம். அதனால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடிகிறது.

இதன் அருமையை உணர, அமெரிக்காவின் மேயின் மாநிலத்துக் கடலோரத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டும். 1947இல் பெருங்காட்டுத்தீ ஒன்று அந்த ஆய்வுகூடத்தையும் அங்கிருந்த எலிகளில் பெரும்பாலானவற்றையும் அழித்துவிட்டது. முன்னர் அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த ஆய்வாளர்கள், விதைநெல்லைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அவற்றின் வம்சத்தை அனுப்பிவைக்க, ஆய்வுகூடம் மீண்டும் எழுந்தது. அவ்வாறு எழுந்த இடத்தில் 1949இல் ஓர் எலி தென்பட்டது. சினையாக இருக்கிறது என்றே முதலில் எண்ணக்கூடிய அளவுக்குப் பருத்திருந்தது. ஆனால் அது குட்டி ஈனவில்லை, தின்பதையும் நிறுத்தவில்லை. அந்த வம்சத்து எலிகள் சாதாரண எலியைப் போல் மும்மடங்கு எடைக்குப் பெருத்தன. 1966இல் அதே இடத்தில், பருமனோடு கடுமையான நீரிழிவும் கொண்ட வேறொரு வம்சம் விவரிக்கப்பட்டது.

டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர், இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள் செல்லுமாறு செய்தார். நீரிழிவு எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது, நோயுற்றது வழமைபோல் தின்றுகொண்டிருக்க, ஆரோக்கியமாக இருந்த எலி முன்னால் தீனி கிடந்தும் தொடாமல் பட்டினியால் இறந்தது. நீரிழிவு எலியோடு முதற்சொன்ன பருமன் எலியை இணைத்தபோது, அதுவரை தீனியை விட்டு விலகாத அந்தப் பருமன் எலியும் தின்பதை நிறுத்தி மடிந்தது. பருமன் எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோதோ, அது அளவோடு தின்னத் தொடங்கியது.

மாணவர்களே, இந்த மூன்று முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சற்று நேரம் யோசியுங்கள். "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது. பருமன் எலிக்கு அதை உண்டாக்கத் தெரியாது. நீரிழிவு எலி அதை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது, ஆனால் அதன் மூளைக்கு அந்தச் சொல் கேட்பதில்லை. கோல்மன் இந்த முடிவுக்கு வந்தபோது அந்தப் பொருளை எவரும் கண்ணால் கண்டதில்லை. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அதற்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தது. அப்பொருளுக்கு லெப்டின் என்று பெயர் வந்தது. நான் படித்த உயிரியலில் இதைவிட அழகான தர்க்கத்தை நான் கண்டதில்லை.

லெப்டின் இன்றிப் பிறந்த மிகச் சில குழந்தைகளுக்கு அதை ஊசியாகக் கொடுத்தபோது அவர்களின் அடங்காப் பசி அடங்கியது. ஆனால் உடல் பருத்த பெரும்பாலானோருக்கு அது பயன்படவில்லை. அவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. எலி சொன்னது பொய்யன்று. அந்த எலியிடம் கேட்ட கேள்விக்கு அது உண்மையான விடை கொடுத்தது. நமது கேள்வி வேறாக இருந்தது.

இன்னொன்றும் அந்த எலிகள் காட்டின. நீரிழிவு எலியின் அந்தப் பழுதடைந்த மரபணுவை ஒரு வம்சத்தில் வைத்தால் எலி பருத்து, சீனி சிறிது ஏறி, பின்னர் சமாளித்துக்கொள்ளும். நெருங்கிய இன்னொரு வம்சத்தில் வைத்தால் இன்சுலின் சுரக்கும் கலங்கள் சோர்ந்து அழிந்து, எலி கடும் நீரிழிவால் இறக்கும். ஒரே வயலில் வெள்ளாமை செய்து ஒரே பானைச் சோற்றை உண்ட இரு சகோதரர்களில் ஒருவருக்கு மட்டும் இந்த வருத்தம் வருவதை நம் ஊர்களில் காண்கிறோம். வந்தவரை வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்று வீட்டார் ஏசும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வம்சங்களும் நினைவுக்கு வருகின்றன.

இனி, தொலைபேசியில் வந்த அந்த இலைச்சாற்றுக்கு வருகிறேன். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் எலிக்கு நீரிழிவு தானாக வருவதில்லை; ஸ்ரெப்டோசோடோசின் என்ற நஞ்சை ஊசியாக ஏற்றி வரவழைக்கிறார்கள். அதன் வடிவம் குளுக்கோசை ஒத்தது என்பதால், எலியின் இன்சுலின் கலங்கள் தம் குளுக்கோசு வாசல் வழியாகவே அதை உள்ளே விட்டு அழிந்துபோகின்றன. மனிதக் கலங்களில் அந்த வாசல் மிகக் குறைவு. இப்போது நஞ்சை ஏற்றுவதற்கு முன்பே சாற்றைக் கொடுத்து, எலிக்கு நோய் வரவில்லை என்று ஒருவர் எழுதினால், அவர் காட்டியது என்ன? அந்தச் சாறு அந்த நஞ்சை முறித்தது என்பதை மட்டுமே. நிக்கோடினமைட் என்ற விட்டமின் வகை எலிகளை இப்படிக் காத்தது. நோய்வாய்ப்படக்கூடிய 500க்கும் மேற்பட்ட மனிதரில் ஐந்து வருடம் சோதித்தபோது பயன் எதுவும் தெரியவில்லை என்று 2004இல் அறிவித்தார்கள். ஆகையால் ஆரையம்பதி அண்ணனிடம், இலையைச் சுண்டிச் சோற்றோடு தாராளமாகச் சாப்பிடுங்கள், குளிசையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், கிளினிக் கொப்பியைத் தவறாமல் கொண்டு போங்கள் என்றே சொன்னேன்.

சிறுவர்க்கு வரும் முதலாம் வகை நீரிழிவை ஆராய்வதற்கு, ஜப்பானியர் 1980இல் விவரித்த வேறொரு எலி வம்சம் உண்டு. அதில் உடலின் காவற்படையே இன்சுலின் கலங்களைத் தாக்குகிறது. பெண் எலிகளுக்கே நோய் அதிகம். கூடு எவ்வளவு துப்புரவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நோயும் கூடுகிறது. இந்த எலிகளைக் காப்பாற்றிய வழிகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. மனிதருக்கு அவற்றில் மிகச் சிலவே உதவின. அவற்றுள் ஒன்றின் தொடக்கம் 1994இல் பாரிஸ் நகரில்: காவற்கலங்களை அடக்கும் பிறபொருளெதிரி என்ற வகைப் புரதம் ஒன்றைச் சில நாட்கள் மட்டும் கொடுத்தபோது, ஏற்கெனவே நோய் கண்டிருந்த எலிகள் பல மீண்டன. அவ்வழியில் வந்த ரெப்லிசுமாப் என்ற மருந்து, நோய் வெளிப்படும் முன் கொடுத்தால் அதைச் சராசரியாக இரண்டு வருடம் பிற்போடும் என்று 2019இல் தெரிந்தது. 2022இல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. எலியிலிருந்து மனிதருக்கு வர 28 வருடம்.

இதற்காக உயிர்களை வருத்தலாமா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். தைக்கப்பட்ட அந்த எலிகளின் கதையை நான் ஒருபோதும் மனச்சுமையின்றிச் சொன்னதில்லை. எலியின்றி முடியுமானால் எலியைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிடில் எண்ணிக்கையையும் வேதனையையும் குறைக்க வேண்டும் என்ற நெறி 1959 முதல் எழுத்தில் இருக்கிறது. விடை முன்பே தெரிந்த ஒன்றைப் பட்டத்துக்காக மீண்டும் செய்து எலிகளைக் கொல்வது, என் எண்ணத்தில், பிழை.

போன மாதம் படுவான்கரையிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மூத்த மகனுக்கு முதலாம் வகை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் இன்சுலின் போத்தலை வைக்கிறார். எட்டு வயதுத் தங்கைக்கும் இது வருமா என்று கேட்டார். பெரும்பாலும் வராது என்றேன். வரப்போவதை இரத்தத்தில் முன்கூட்டியே அறிந்து இரண்டு வருடம் தள்ளிப்போடும் மருந்து ஒன்று இருப்பதையும், அதன் விலை 190,000 டொலருக்கும் அதிகம் என்பதையும், அது நம் கிளினிக்குகளுக்கு வரும் மருந்தன்று என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் விரல்விட்டு எண்ணினார்.

"ரெண்டு வருசமெண்டா, சேர், அவள் அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதினை எழுதி முடிச்சிருவாள்" என்றார்.