பேசாமல் நடக்கும் ராஜா

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஓட்டுநர் உரிமத்துக்காக நான்காவது தடவை எட்டுப் போடக் கிளம்பினான். அவன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமாதித்தன் கிளம்பிட்டான்" என்றார். பையனுக்கு வயது பத்தொன்பது. அந்த வாக்கியம் மாதா மாதம் வந்த அம்புலிமாமா என்ற குழந்தைகள் பத்திரிகையை அவன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஆனாலும் சிரித்தான். அந்த வாக்கியம் இன்றைக்குப் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதைக் கேட்டதும் வாக்கியத்தோடு ஒரு படமும் வந்திருக்கும். சுடுகாடு. ஒரு கையில் உருவிய வாள். தோளில் பிணம். நடந்துகொண்டிருக்கும் ராஜா. அந்தப் படத்தை வரைந்தவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். படத்தைப் பற்றி வானொலியில் பேச ஒப்புக்கொண்டது என் அசட்டுத் துணிச்சல். நீங்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

கே.சி. சிவசங்கரன். படத்தின் ஓரத்தில் வெறும் 'சங்கர்'. 1924 ஜூலையில் தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். பத்து வயது வாக்கில் படிப்புக்காகச் சென்னைக்கு வந்தார். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அங்கிருந்த டிராயிங் மாஸ்டர் கண்ணில் பட்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரச் சொல்லி, பேப்பரும் பென்சிலும் கொடுத்து வரைய வைத்தவர் அவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும், பி.ஏ., எம்.ஏ. என்று போய் வீணாகாதே, ஓவியப் பள்ளியில் சேர் என்று வழிகாட்டியவரும் அவரே. இன்றைக்கு ஒரு வாத்தியார் இப்படிச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். 1940-களில் சொல்வதற்கு இன்னும் தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

எழும்பூர் ஓவியப் பள்ளிக்கு அப்போது முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கும் நான்கு பேர், அந்த உழைப்பாளர் சிலையைச் செய்தவர். சங்கர் வரைந்த ராஜாவின் தோளையும் கால் தசையையும் பார்க்கும்போது எனக்கு அந்தச் சிலை ஞாபகம் வரும். இது என் ஊகம்தான். கனத்தைத் தாங்கும் உடம்பு எப்படி வளையும் என்று அந்தப் பள்ளியில் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

1946-இல் படிப்பை முடித்து கலைமகள் பத்திரிகையில் வேலை. 1952-இல் வடபழனியில் அம்புலிமாமா அலுவலகம். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947-இல் தொடங்கிய பத்திரிகை அது. தெலுங்கில் சந்தமாமா, நமக்கு அம்புலிமாமா, மராத்தியில் சாந்தோபா, மலையாளத்தில் அம்பிலி அம்மாவன். சங்கர் போவதற்கு முன்பே அங்கே சித்ரா என்ற ஓவியர் இருந்தார். அவருடைய படங்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும், நிலையத்தார் மனது வைக்க வேண்டும்.

பத்திரிகை பல மொழிகளில் வந்தது என்று சொன்னேன் அல்லவா? படம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எழுத்துதான் மாறும். ஓவியருக்கு இது எவ்வளவு பெரிய கட்டு என்று யோசித்துப் பாருங்கள். கதையில் ஒரு கடை வந்தால் அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. எந்த மொழியில் எழுதுவது? அந்தக் கடைக்காரர் புதுக்கோட்டைக் குழந்தைக்கும் புனே குழந்தைக்கும் நம்மூர் ஆள் மாதிரி தெரிய வேண்டும். தலைப்பாகையை எப்படிக் கட்டுவது, வேட்டியா பைஜாமாவா, கூரை ஓடா கீற்றா, ஒவ்வொன்றுக்கும் முடிவெடுத்தாக வேண்டும். அந்தப் படங்களில் வரும் ஊரை எந்த ரயில்வே வரைபடத்திலும் காட்ட முடியாது. ஆனால் எல்லோரும் ஒருமுறையாவது போய் வந்த ஊராகத்தான் தோன்றும்.

சரி, அந்த ராஜாவிடம் வருவோம். எழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: ராஜா மரத்தில் ஏறினான், உடலைக் கீழே தள்ளினான், தோளில் போட்டுக்கொண்டு நடந்தான், பிணத்துக்குள் இருந்த வேதாளம் கதை சொல்ல ஆரம்பித்தது. வாசிப்பவருக்கு ஒரு சிரமமும் இல்லை. வரைகிறவனுக்குத்தான் தலைவலி.

முதலில் கனம். தூங்கும் குழந்தையைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், விழித்திருக்கும் குழந்தையைவிட அது கனக்கும். விழித்திருப்பது நம்மைப் பற்றிக்கொள்ளும், தூங்குவது தொங்கும். பிணம் இன்னும் மோசம். அதைச் சுமப்பவனின் முதுகு நேராக இருந்தால் அது பிணமாக இருக்காது, துணி மூட்டை ஆகிவிடும். ரொம்பக் குனிந்தால் ராஜா கூலிக்காரர் ஆகிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கையை வாளுக்குக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரு கை.

அடுத்தது, இந்தப் பிணம் பேசுகிறது. செத்ததாகவும் தெரிய வேண்டும், கதை சொல்வதாகவும் தெரிய வேண்டும். இதைவிடச் சிரமம் ராஜாவின் முகம். அவர் வாய் திறந்தால் மௌனம் கலையும், வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். ஆகவே அவர் பேசக் கூடாது. ஆனால் கேட்கிறார். மிரளவில்லை, சலிக்கவும் இல்லை. உற்றுக் கேட்டுக்கொண்டே நடக்கிற ஒரு மனிதரை எப்படி வரைவது? கோபத்தை வரையலாம், அழுகையை வரையலாம். கேட்பதை வரைந்து பாருங்கள், தெரியும்.

சங்கர் எடுத்துக்கொண்ட தருணத்தையும் கவனியுங்கள். ராஜா பதில் சொல்லும் இடத்தை அவர் வரையவில்லை, வேதாளம் பறக்கும் இடத்தையும் வரையவில்லை. இன்னும் ஒன்றும் நடக்காத இடம், ஒரு கால் முன்னே. அதனால்தான் மாதா மாதம் அதே படத்தைப் போட்டும் யாருக்கும் அலுக்கவில்லை. மூலத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமா அந்தச் சட்டகத்துக்குள் எங்கெங்கோ இருந்த கதைகளையெல்லாம் கொண்டுவந்து வைத்து நூற்றுக்கணக்கில் ஓட்டியது. கதைகள் மாறிக்கொண்டே இருந்தன, ராஜா அதே அடியில் நடந்துகொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் அச்சு வேலை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோடுகளின் அருமை புரியாது. அப்போதெல்லாம் லைன் ப்ளாக். இந்திய மையில் வரைந்த படத்தைப் போட்டோ எடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். கோடு இருக்கும் இடம் மேடாக நிற்கும், மற்றது அரித்துப் போகும். அதில் கறுப்பு உண்டு, காகிதத்தின் வெள்ளை உண்டு. சாம்பல் நிறம் கிடையவே கிடையாது. சாயங்கால வெளிச்சமோ வயிற்று மடிப்போ வேண்டுமென்றால் கோடுகளை அடுக்கித்தான் காட்ட வேண்டும். ரொம்ப மெல்லிய கோட்டை அமிலம் தின்றுவிடும். ரொம்ப நெருக்கமாகப் போட்டால் மை அடைத்துக்கொண்டு ஒரே தார் மாதிரி விழும். படத்தைப் பெரிதாக வரைந்து சிறிதாக்குவார்கள். சிறிதாகும்போது எந்தக் கோடு பிழைக்கும், எது சாகும் என்று வரையும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குழந்தைகள் புத்தகத்துக்கு ஒரு பாட்டியை வரைந்தேன். மெல்லிய நிப்பால் முகம் முழுக்கச் சுருக்கம், மேலுதட்டுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கோடு. அசலில் பாட்டி அவ்வளவு அழகு. புத்தகம் வந்ததும் ஆசையாகப் பிரித்தேன். கன்னத்துச் சுருக்கமெல்லாம் காணோம், மேலுதட்டுக் கோடுகள் மட்டும் சேர்ந்துகொண்டு, பாட்டிக்கு அடர்த்தியான மீசை. பதிப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. படித்த குழந்தைகள் சொன்னார்கள். "பாட்டி ஏன் போலீஸ் மாதிரி இருக்காங்க?" என்று ஒரு குழந்தை தபால் அட்டையில் கேட்டிருந்தது. அந்தப் புத்தகத்தின் அசல் படங்களைத் திருப்பிக் கேட்டபோது, கிடங்கில் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். மீசையில்லாத பாட்டிக்கு இப்போது சாட்சி நான் ஒரு ஆள்தான்.

அதற்குப் பிறகு பழைய அம்புலிமாமா ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சங்கர் வரைந்த கிழவிகளுக்கு முகத்தில் கோடுகள் எவ்வளவு குறைவு! மூக்கோரம் ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று. முதுமை எல்லாம் முதுகிலும் கையை ஊன்றும் விதத்திலும் இருக்கிறது. முகத்தில் போட்டால் அமிலம் தின்னும், முதுகின் வளைவை எதுவும் செய்ய முடியாது. இது பள்ளியில் வந்த அறிவா, ப்ளாக் செய்பவரிடம் திட்டு வாங்கி வந்ததா? எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

இன்னொன்று, குழந்தைகள் படத்தைப் பார்க்கும் முறை. பெரியவர்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை. அது இருக்கிறது என்று குறித்துக்கொண்டு எழுத்துக்குப் போய்விடுவோம். எழுத்து தெரியாத குழந்தைக்குப் போக வேறு இடம் இல்லை. அது அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகப் போய்வரும். மூன்றாம் பக்கத்தில் நாய்க்கு இடது காது கிழிந்திருந்து, ஏழாம் பக்கத்தில் வலது காது கிழிந்திருந்தால், கண்டுபிடிப்பது எழுதியவரோ பதிப்பாசிரியரோ அல்ல, அந்தக் குழந்தைதான். சங்கரின் மூலைகள் காலியாக இருப்பதில்லை. அரசவையில் ராஜாவும் மந்திரியும் பேசுகிறார்கள் என்றால், தூணுக்குப் பின்னால் நிற்கும் காவல்காரனுக்கும் ஒரு முகம் இருக்கும். அவனுக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. அந்த மூலைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

வாழ்க்கை வரலாறு என்று எழுதினால் சங்கருக்கு நிறையத் திருப்பங்கள் கிடைக்காது. மாதச் சம்பளம், மேசை, இந்திய மை, அடுத்த இதழ். நடுவில் பத்திரிகை சில காலம் நின்றது, மறுபடி வந்தது, 2007-இல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. சங்கர் 2012 வரை அதற்கு வரைந்தார். அறுபது ஆண்டு! ஒரே இடத்தில்! அப்போது அவர் வயது எண்பத்தெட்டு. அதன் பிறகும் ராமகிருஷ்ண விஜயம் இதழுக்கு வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பர் 29 அன்று சென்னையில் காலமானார். நான்கு மாதம் கழித்து, 2021 குடியரசு தினத்தையொட்டி பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தொண்ணூற்றாறு வயது வரை காத்திருந்தவருக்கு, அதைக் கையில் வாங்க இன்னும் நான்கு மாதம் போதாமல் போய்விட்டது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அந்த அறிவிப்பு வந்த அன்று பரணில் இருந்து பைண்டு செய்த பழைய அம்புலிமாமாக்களை இறக்கினேன். என் அப்பா வருஷம் வருஷமாகக் காடாத் துணி ஒட்டிச் சேர்த்து வைத்தது. விக்கிரமாதித்தன் பக்கத்தைத் தேடிப் பிரித்தேன். சுடுகாடு, வாள், தோளில் பிணம், எல்லாம் இருந்தன. இறுக்கமாக மூடிய அந்த வாய்க்குப் பக்கத்தில் பென்சிலால் கோணலாக ஒரு வட்டம் போட்டிருந்தது. உள்ளே எழுத்துக் கூட்டி எழுதிய கையெழுத்து என்னுடையதுதான், எட்டு வயது இருக்கலாம். "கனமா இருக்கு" என்று எழுதியிருந்தேன்.

வணக்கம்.