காரின் பெயின்ட்டில் படியும் கறைகள்

நேயர்களுக்கு வணக்கம். காரின் பெயின்ட் மீது விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும் கறைகளை எடுக்கும் முறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மங்கிப்போய்க் கொண்டுவரப்படும் வண்டிகளைப் பார்க்கும்போது, கறை செய்த சேதத்தைவிட, அதை அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்த கை செய்த சேதமே அதிகமாகத் தெரிகிறது. அதுவே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இக்காலக் கார்களில் தகட்டின் மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு என அடுக்கடுக்காகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கும். பளபளப்பு முழுவதும் அந்த நிறமற்ற பூச்சில்தான் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் சிறிது தேய்ந்துபோகிறது. தேய்ந்தது திரும்ப வளராது. ஆகவே, கறை இந்தப் பூச்சின் மேலே படிந்திருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கையில் எதையும் எடுக்க வேண்டும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு, கார் ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவுங்கள். மண் துகள் ஒட்டியிருக்கும்போது துணியால் துடைத்தால் அதுவே உப்புத்தாளாகிக் கோடு போட்டுவிடும். கழுவியதும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தகட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது விரல் நுனியில் துல்லியமாகத் தெரியும். சொரசொரப்பு இருந்தால் அழுக்கு மேலே ஒட்டியிருக்கிறது என்று பொருள். வழவழப்பாக இருந்தும் கண்ணுக்குக் கறை தெரிந்தால், பூச்சே அரிக்கப்பட்டிருக்கக் கூடும்.

பறவை எச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. அதோடு, வெயிலில் சூடேறி இளகும் பூச்சின் மேல் எச்சம் காய்ந்து இறுகுவதால், அதன் வடிவமே பூச்சில் பதிந்து மங்கலான தழும்பாக நின்றுவிடுகிறது. காய்ந்த எச்சத்தை நகத்தால் சுரண்டக் கூடாது. அதில் மணலும் விதைத் துணுக்கும் கலந்திருக்கும். ஈரத் துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, பிறகு தேய்க்காமல் அள்ளி எடுப்பதைப் போல ஒரே வீச்சில் எடுத்துவிட வேண்டும். எடுத்த துணியின் அதே பக்கத்தால் மறுபடி துடைக்காதீர்கள்.

தார் எண்ணெயில் கரையும் பொருள் என்பதால் சோப்பு நீருக்கு அசையாது. தார் நீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி, கரைந்ததும் துடைத்து, அந்த இடத்தை உடனே கழுவிவிட வேண்டும். மரப்பிசினுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உதவும். உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வட்டங்களாக நின்றால், அது கால்சியம், மெக்னீசியப் படிவு. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றி, காயவிடாமல் அலசினால் பெரும்பாலும் போய்விடும். எதையும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள், பாத்திரம் தேய்க்கும் நாரை வண்டியின் அருகிலேயே கொண்டுவராதீர்கள்.

கழுவியும் போகாத சொரசொரப்புக்குக் கிளே பார் எனப்படும் களிமண் கட்டி ஏற்றது. அதற்குரிய வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்ட வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால், எவ்வளவு புதியதாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணலைப் பிரித்தெடுக்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு நிற்கும் தழும்புக்கும் கீறலுக்கும்தான் பாலிஷ். கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் கீறல் பாலிஷுக்கு அடங்காத ஆழத்தில் இருக்கிறது. அங்கே தேய்த்துக்கொண்டே போனால் நிறப்பூச்சு வெளிப்பட்டுவிடும், பெயின்டரிடம் காட்டுவதே சரி. தடுக்காவிட்டால், இருப்பவற்றில் மிக மென்மையான பாலிஷில் தொடங்கி, போதாது என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். கதவு விளிம்பு, பானட்டின் மடிப்பு போன்ற இடங்களில் பூச்சு மெல்லியதாக இருக்கும்; அங்கே கூடுதல் கவனம் தேவை. பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டுக்குப் பாலிஷ் கூடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுமினுத்து, மீண்டும் பழைய நிலைக்கு வராது.

வேலை முடிந்த அன்றே வேக்ஸ் பூசிவிடுங்கள். அடுத்த எச்சம் விழும்போது அது முதலில் வேக்ஸைத்தான் தாக்கும். நீங்கள் ஈரத்துணியோடு வந்து சேர்வதற்குச் சிறிது நேரம் கிடைக்கும். வணக்கம்.