எதிர் இருக்கைக்காரர்

(மதுரையில் நடந்த ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ரயில் பயணத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எஞ்சினைப் பற்றியும் தண்டவாளத்தைப் பற்றியும் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ரயில்வே காலனி இருக்கிற ஊர் இது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயிலில் எதிரே உட்கார்ந்து வருகிற ஆளைப் பற்றித்தான். அவரைப் பற்றியே பேசுகிறேன்.

மதுரையில் நின்றுகொண்டு இதைப் பேசினால் 1921 செப்டம்பரில்தான் ஆரம்பிக்க வேண்டும். காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். அவருடன் பயணம் செய்துகொண்டிருந்த கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலியை வால்டேரில், அதாவது இன்றைய விசாகப்பட்டினத்தில், கைது செய்து சில நாட்கள்தான் ஆகியிருக்கின்றன. காந்தியின் மனம் அதிலேயே இருக்கிறது. ஆனால் பெட்டியில் கூட வந்தவர்களோ அதைப் பற்றிய கவலையே இல்லாமல் இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லார் உடம்பிலும் அந்நியத் துணி. அவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார், கதர் உடுத்துங்கள் என்று கேட்கிறார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, நாங்கள் ஏழைகள், கதர் விலை அதிகம், எங்களால் வாங்க முடியாது என்கிறார்கள்.

அந்த நேரத்தில் காந்தி போட்டிருந்தது மேல்சட்டை, தொப்பி, முழு வேட்டி. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று அவருக்குப் படுகிறது. ஆடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் அதைச் செய்து முடித்தது இங்கே வந்த பிறகு. செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி வீட்டில், அரை வேட்டிக்கு மாறினார். அந்தக் கோலத்தில் அவர் முதலில் கூட்டத்தில் பேசிய இடத்துக்குத்தான் காந்திப் பொட்டல் என்று பெயர். இது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தப் பயணிகளை. அவர்கள் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. எந்த ஊரில் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், தாங்கள் சொன்ன ஒரு வார்த்தை என்ன செய்தது என்று பிற்பாடாவது கேள்விப்பட்டார்களா, எதுவும் தெரியாது. நாடே கொண்டாடுகிற ஒரு தலைவர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார். 'சரிங்க, உடுத்துகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்லாமல், முடியாது என்றார்கள். காந்தியும் அவர்களோடு வாதம் பண்ணி ஜெயிக்கப் பார்க்கவில்லை, சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார். மேடையில் இப்படி நடக்காது. நான் இங்கே பேசுகிறேன், நீங்கள் அங்கே கேட்கிறீர்கள். எதிரும் புதிருமாக, ஒரே உயரத்தில், முட்டி முட்டியைத் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தால்தான் அப்படிப் பேச வரும்.

அந்த உட்காரும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எட்டுப் பேர். எதிரெதிரே மூன்று மூன்று, நடைபாதைக்கு அந்தப் பக்கம் சைடில் இரண்டு. இரவு 10 மணிக்கு மேல்தான் மிடில் பெர்த்தைப் போடலாம், காலை 6 மணிக்கு மடக்கிவிட வேண்டும். மற்ற நேரத்தில் எல்லாரும் கீழேதான் உட்கார வேண்டும், வேறு வழியில்லை. 'கொஞ்சம் நகர்ந்துக்குறீங்களா', 'பாட்டிக்கு முட்டி வலி, லோயர் குடுக்க முடியுமா' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அப்புறம் யாராவது பொட்டலத்தைப் பிரிப்பார்கள். மிளகாய்ப்பொடி தடவின இட்லியின் நல்லெண்ணெய் வாசனை வந்துவிட்டால் பெட்டியில் பாதி அந்நியம் போய்விடும்.

இன்னும் நெருக்கமானது ஆர்.ஏ.சி. ஒரு சைடு லோயரை இரண்டாகப் பிரித்து, முன்பின் தெரியாத இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். யாராவது பயணத்தை ரத்து செய்தால் ஒருவருக்குப் படுக்கை கிடைக்கும். கிடைக்காவிட்டால் விடிய விடிய எதிரெதிரே உட்கார்ந்தபடிதான். சுமார் 25 வருஷத்துக்கு முன்னால், நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்த்தது.

அன்றைக்குச் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வை முடித்துவிட்டு, வேலை கிடைக்காது என்று தெரிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே அறுபதை நெருங்கின ஒருவர். டி.டி.ஆர் வந்து, விழுப்புரம் தாண்டினால் பார்க்கலாம் என்றார். விழுப்புரம் போனது, திருச்சியும் போனது, பெர்த் வரவில்லை. அவர் காலைச் சம்மணமிட்டு மடக்கிக்கொண்டு, "தம்பி, நீ காலை நீட்டிக்கோ. நான் குத்தவெச்சு உக்காந்தே பழகினவன்" என்றார். உடன்குடிப் பக்கத்துப் பனையேறி அவர். மகளைப் பார்க்கச் சென்னைக்கு வந்திருக்கிறார். மகள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்டில் ஏறச் சொன்னார்களாம், ஏற மாட்டேன் என்று படிக்கட்டிலேயே போய் வந்தாராம். "கைக்குப் பிடிமானம் இல்லாம மேல போறது எப்படித் தம்பி?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு முப்பது மரம், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறி இறங்குகிறவர் கேட்ட கேள்வி அது. நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

பதநீரைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவ வேண்டும், தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடினால் வாயில் வைக்க முடியாது. எவ்வளவு தடவ வேண்டும் என்றேன். பெருவிரலை என் உள்ளங்கையில் வைத்து ஒரு இழு இழுத்துக் காட்டினார். உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சையும் காட்டினார். மரத்தை அணைத்து அணைத்துத் தோல் காய்ப்பேறி, அந்த இடம் மட்டும் வேறு நிறமாக இருந்தது.

"உனக்கு என்ன தம்பி, முகம் வாடிக் கெடக்கு?" என்று அப்புறம் கேட்டார். வீட்டில் எப்படிச் சொல்வது என்று மூன்று மாவட்டம் யோசித்துக்கொண்டு வந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "பாளையை முதல் நாள் சீவினதும் சுரந்திராது. நாள் கணக்காச் சீவணும்" என்றார். ஓலைக் கொட்டானைத் திறந்து சில்லுக் கருப்பட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். சுக்கு காரம் தொண்டையில் இறங்கியது. திருநெல்வேலியில் இறங்கி, அவர் திருச்செந்தூர் பஸ்ஸுக்குப் போனார். கடைசி வரை இரண்டு பேருமே பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆக மாட்டேன். முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள் என்று ஸ்டேஷனில் அறிவிக்கிறார்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. தனியாகப் பயணம் செய்யும் ஒரு பெண் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தால், அவரைப் பேச்சுக்கு இழுக்க யாருக்கும் உரிமை கிடையாது. அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 'சொந்த ஊர் எது?' என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், 'ஊருக்குள்ள எந்தத் தெரு?' என்பார்கள். தெருவைச் சொன்னதும் 'அப்போ இன்னார் உங்களுக்கு என்ன வேணும்?' என்பார்கள். எதைத் தெரிந்துகொள்ள இந்தச் சுற்று என்று நம் எல்லோருக்கும் தெரியும். பதில் பிடிக்கவில்லை என்றால், அதுவரை நீட்டிக்கொண்டிருந்த முறுக்குப் பொட்டலம் மெதுவாகப் பைக்குள் போய்விடும். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. காசு கொடுத்தவருக்குச் சீட்டு என்று அந்த வண்டி வந்தபோது, தெருவில் தள்ளி நின்றவர்கள் ஒரே பலகையில் உட்கார நேர்ந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனாலும் வண்டியை விட்டு இறங்கினால் ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதியில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரும் அவர் தோழர்களும் போராடி 1941-ல்தான் அது ஒழிந்தது. பலகை ஒன்றாகி இத்தனை காலம் ஆன பிறகும், அதில் உட்கார்ந்துகொண்டு 'எந்தத் தெரு' என்று கேட்கலாமா? தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்க வேறு எவ்வளவோ இருக்கிறது. என்ன வேலை செய்கிறீர்கள், அதை எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒரு மனிதர் தன் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதுரை வந்ததே தெரியாது.

இப்போது சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே வந்தே பாரத் ஓடுகிறது. 2023 செப்டம்பரில் ஆரம்பித்தது, 8 மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. நானும் போயிருக்கிறேன், வசதியான வண்டி. அவசரத்துக்கு நல்லது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பெரும்பாலும் முன் சீட்டின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போகிறோம். சென்ற தடவை என் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர். காதில் இயர்போன், எனக்கும் கையில் புத்தகம். சாத்தூர் பக்கம் வரும்போது அவர் ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிவிட்டு, "ஐயா, இங்க வெள்ளரிக்காய் விப்பாங்களே, இந்த வண்டியில ஏற விட மாட்டாங்களோ?" என்றார். அவருடைய அப்பா சாத்தூர் ஸ்டேஷனில் வண்டி வண்டியாக ஏறி வெள்ளரிக்காய் விற்றுத்தான் அவரைப் படிக்க வைத்தாராம். இவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் ஒரு வார்த்தை கேட்காமல் வந்திருக்கிறேன். மிச்சம் இருந்தது ஒரு மணி நேரம்தான். எந்த வண்டிக்குக் கூட்டம் அதிகம், உப்பு மிளகாய்த்தூளை எப்படிக் கட்டிவைப்பார், விற்காமல் மிஞ்சின காயை என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நெல்லை வந்தபோது பாதிதான் ஆகியிருந்தது.

அமைப்பாளர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். எனக்கும் இன்று இரவு வண்டி. காலையில் பார்த்தபோது ஆர்.ஏ.சி.யில்தான் இருந்தது. எதிர் சீட்டு யாருக்கென்று தெரியவில்லை. நன்றி, வணக்கம்.