டோஃபுவில் சுவை ஏற, முதலில் நீர் இறங்க வேண்டும்

வணக்கம். டோஃபுவை ஒருமுறை சமைத்துவிட்டு, சப்பென்று இருக்கிறது என ஒதுக்கி வைத்தவர்கள் பலர். பெரும்பாலும் அதற்குக் காரணம், உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றாமலே வாணலியில் போட்டுவிடுவதுதான்.

சூடான சோயா பாலில் கால்சியம் சல்ஃபேட்டோ மெக்னீசியம் குளோரைடோ சேர்த்துத் திரியச் செய்து, அந்தத் திரளை அழுத்தி எடுப்பதே டோஃபு. கெட்டியான வகையிலும் எடையில் பெரும்பகுதி நீர்தான். அந்த நீர் கசிந்து ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை துண்டின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பொன்னிறமும் வறுத்த மணமும் நன்றாக வருவதற்கோ சுமார் 140 டிகிரி வேண்டும்.

[காட்சி: துணியில் சுற்றிய டோஃபுவின் மேல் கனமான பாத்திரம்]

எனவே கெட்டி டோஃபுவைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, மேலே கனம் வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். மென்மையான சில்கன் வகையை இப்படி அழுத்தினால் உடைந்துவிடும். அது சூப்புக்கே ஏற்றது.

நேரம் இருந்தால், அழுத்துவதைவிட உறைய வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஃப்ரீசரில் ஓர் இரவு இருக்கும்போது பனிப் படிகங்கள் புரத வலையை விலக்கித் துளைகளை உண்டாக்குகின்றன. மஞ்சளாகிப் போன கட்டியைப் பார்த்துக் கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். உருகியதும் பழைய வெண்மை திரும்பிவிடும். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினால், நனைந்த பஞ்சைப் பிழிவதுபோல நீர் வழிந்தோடும். அந்தத் துளைகளில்தான் மசாலா சென்று தங்கும்.

ஊற வைக்கும் கலவையில் எண்ணெய் சேர்க்காதீர்கள். ஈரமான டோஃபுவுக்குள் எண்ணெய் இறங்காது. 200 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், துருவிய இஞ்சி, சிறிது எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் போதும். தனியாக உப்பு வேண்டாம், ஏனெனில் அந்த ஒரு கரண்டி சாஸிலேயே ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குள் என்பதே உலக சுகாதார அமைப்பின் அறிவுரை.

[காட்சி: வாணலியில் துண்டுகள், மிக அருகில்]

ஊறிய துண்டுகளின் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃபிளவர் மாவில் புரட்டி, நன்கு காய்ந்த வாணலியில் சிறிதளவு எண்ணெய் விட்டு அடுக்குங்கள். பிறகு மூன்று, நான்கு நிமிடங்கள் கிளறாதீர்கள். திருப்பும்போது ஒட்டினால், அடிப்பக்கம் இன்னும் சிவக்கவில்லை என்று பொருள். சிவந்ததும் எளிதில் விட்டுவரும். பூண்டைக் கடைசியில் சேர்த்தால் கருகாது.

இன்றியமையாத ஒன்பது அமினோ அமிலங்களும் டோஃபுவில் உள்ளன, கொலஸ்ட்ரால் இல்லை. கால்சியம் உப்பால் திரித்த வகையில் கால்சியமும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் சேர்பொருள்களைப் படித்துப் பாருங்கள். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

மீந்த பாதிக் கட்டியை நீரில் மூழ்க வைத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நாள்தோறும் நீரை மாற்றி, மூன்று, நான்கு நாள்களுக்குள் சமைத்துவிடுங்கள். புளித்த வாடையோ வழவழப்போ தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.