வயலைச் சீவ ஒரு பிரஷ்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். தலைப்பைக் கேட்டுவிட்டு வேளாண்மை நிகழ்ச்சி என்று நினைத்தவர்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். நெல் வரும், ஆனால் கம்ப்யூட்டர் திரையில்தான் விளையும்.

தக்கலையில் என் நண்பர் ஒருவர் ஒரு குறும்படம் செய்கிறார், அனிமேஷன் படம். அதில் ஒரு காட்சி பூதப்பாண்டிப் பக்கத்து வயல். கன்னிப்பூப் பருவத்து நெல் விளைந்து நிற்கிறது, ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாய்கிற ஆடிக் காற்று கதிரையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போகிறது, வரப்போரத்தில் மட்டும் அது வேறு மாதிரி சாய்கிறது. நம்மூர்க்காரர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது, அதற்கான கருவி எழுதுவதுதான் என் வேலை.

அவர் பயன்படுத்துவது பிளெண்டர் என்கிற மென்பொருள். காசு கிடையாது, மூலநிரலும், அதாவது அதை இயக்குகிற கட்டளைகளும், யாரும் பார்த்து மாற்றும்படி திறந்தே கிடக்கிறது. அதில் வயல் போடுகிறவர் நெல்லை ஒவ்வொன்றாக நடுவதில்லை. தரைக்கு முடி முளைக்க வைப்பார், அந்த முடி இருக்கிற இடத்தில் நெற்பயிரின் உருவத்தை மாட்டிவிடுவார். முடி, புல், ரோமம், மழைத்துளி, புகையில் பறக்கிற சாம்பல் எல்லாவற்றையும் நெடுங்காலம் ஒரே கருவிதான் பார்த்துக்கொண்டது: பார்ட்டிக்கிள் சிஸ்டம், அதாவது துகள் அமைப்பு.

துகளைப் பறக்கவிடுவது ஓரளவு சுலபம். புவியீர்ப்பு இவ்வளவு, காற்று இந்தத் திசை என்று எண்களைக் கொடுத்தால் மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். ஆனால் கலைஞருக்கு அது போதாது. “இந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாயட்டும்” என்பார், அதற்கு எந்த எண்ணை மாற்றுவது? ஒரு எண்ணை மாற்றினால் மொத்த வயலும் மாறிவிடும். அவர் கையால் தொட்டுத் திருத்த வேண்டும், அதற்குத்தான் துகள் திருத்தும் கருவிகள். என்னைக் கேட்டால் இயற்பியல் கணக்கைவிட இதை எழுதுவதுதான் கஷ்டம், ஆனால் பாராட்டெல்லாம் கணக்குக்குத்தான் போகிறது.

பிளெண்டரின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோ தன் சொந்த வேலைக்காக எழுதிக்கொண்ட மென்பொருள் அது, எழுதியவர் டான் ரோசண்டால். பின்னால் அதை விற்ற கம்பெனி திவாலானபோது, பயனர்களே 2002இல் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்துக்கொண்டார்கள், அதுவும் ஏழே வாரத்தில். அப்புறம் 2007, 2008இல் ஆம்ஸ்டர்டாமில் ‘பிக் பக் பன்னி’ என்று ஒரு முயல் படம் எடுத்தார்கள். முயலுக்கு ரோமம் வேண்டும், அணிலுக்கு வேண்டும், தரைக்குப் புல் வேண்டும், கையில் இருந்த கருவி அதற்குத் தாங்கவில்லை. படம் ஒரு பக்கம் ஓட, துகள் அமைப்பையே திருத்தி எழுதினார்கள். சீவுகிற, வெட்டுகிற, நீட்டுகிற பிரஷ்களோடு அது 2008 மே மாதம் வந்த 2.46 பதிப்பில் எல்லோருக்கும் கிடைத்தது. முயலுக்காகச் செய்தது இன்று தக்கலையில் நெல்லுக்கு உதவுகிறது.

சரி, சீவுகிற பிரஷ் என்ன செய்கிறது? ஒரு முடி என்பது கணினிக்கு வரிசையாக நிற்கிற சில புள்ளிகள், அவ்வளவுதான். பிரஷின் வட்டத்துக்குள் வருகிற புள்ளிகளை மவுஸ் போகிற திசையில் கொஞ்சம் நகர்த்துகிறோம், நடுவில் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு. இத்தோடு விட்டால் நாலு இழுப்பில் முடி ரப்பர் மாதிரி நீண்டுவிடும். அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு வேரிலிருந்து நுனிவரை போய், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே முன்பு எவ்வளவு தூரம் இருந்ததோ அதே தூரத்துக்குத் திரும்ப இழுத்து வைக்க வேண்டும், திசை மட்டும் புதியது. வேர் அசையவே கூடாது. முடி தோலுக்குள் புகுந்துவிட்டால் வெளியே தள்ள வேண்டும், அப்படித் தள்ளினால் நீளம் மறுபடி கெடும், மறுபடி திருத்த வேண்டும். இவ்வளவும் கை நகர்கிற வேகத்திலேயே நடந்தாக வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் கலைஞர் பிரஷைக் கீழே போட்டுவிடுவார்.

எல்லா முடியையும் சீவ முடியாது என்பதால் இந்தத் துகள் அமைப்பில் ஒரு நல்ல தந்திரம் உண்டு. தாய் முடி கொஞ்சம்தான், அதை மட்டும் நாம் சீவுவோம். கடைசியில் படமாக எடுக்கும்போது ஒவ்வொரு தாய்க்கும் நூறு பிள்ளை என்ற கணக்கில் அதுவே முளைக்க வைத்துக்கொள்ளும். வயலுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இந்த அமைப்பின் பெரிய தொல்லை வேறு இடத்தில். சீவி முடித்த பிறகு அடியில் இருக்கும் தரையின் அமைப்பை மாற்றினால், அதாவது ஒரு வரப்பைக் கூடுதலாக வெட்டினால், சீவினதெல்லாம் குலைந்துவிடும். 2022 செப்டம்பரில் வந்த 3.3 பதிப்பில் முடிக்கென்றே தனி அமைப்பு கொண்டுவந்தார்கள். அதில் ஒவ்வொரு வேரும் தரைமேல் விரித்த ஒரு வரைபடத்தில் தன் இடத்தை எழுதி வைத்துக்கொள்கிறது, வரைபடம் சரியாக இருக்கும்வரை இடம் தப்பாது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பழைய பிரஷில் கை பழகியவர்கள் முணுமுணுக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

நான் எழுதுவது அந்தப் புதிய அமைப்பின்மேல் ஓடுகிற சின்ன ஆட்-ஆன், அதாவது பிளெண்டரோடு சேர்த்துக்கொள்கிற துணை நிரல், பைத்தான் என்கிற நிரல் மொழியில். வரப்பை ஒரு கோடாக வரைந்துகொடுத்தால், கோட்டுக்கு அருகே இருக்கும் பயிர் அதன் போக்குக்குச் சாயும், விலக விலகக் காற்றின் திசைக்கு மாறும். முதலில் என் விருப்பத்துக்கு ஒரு பெட்டி நிறைய எண்கள் வைத்திருந்தேன். நண்பர் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் யாரு தொடுவா? கோடு போதும்” என்றார். எண்களை மறைத்துவிட்டேன். கருவி எழுதுகிறவரும் படம் போடுகிறவரும் ஒரே மேஜையில் உட்காராமல் இந்த வேலை நடக்காது, ஆம்ஸ்டர்டாமிலும் அவர்கள் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். விலை கொடுத்து வாங்குகிற மென்பொருளில் தக்கலைக்காரர் சொன்னார் என்று யார் பொத்தானை மாற்றப்போகிறார்கள்!

மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், நிரல் எழுதத் தெரியாமல் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். பிளெண்டரை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பந்துக்கு முடி முளைக்க வைத்துச் சீவிப் பாருங்கள். எங்கே எரிச்சல் வருகிறதோ அங்கே நிறுத்தி, எந்தப் பதிப்பு, எந்த பிரஷ், என்ன செய்தபோது என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி, அந்தக் கோப்பையும் சேர்த்து, பிளெண்டர்காரர்கள் பிழைகளைப் பதிவதற்கென்றே வைத்திருக்கும் இணையப் பக்கத்தில் போடுங்கள். அங்கே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், உடைந்த ஆங்கிலம் போதும். அதே பிழையை வேறு யாராவது முன்பே எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் தேடிவிடுங்கள்.