தொலைபேசிக்காகப் பிறந்த கணினி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1986 ஜனவரியில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஆர்.டி. பி.சி. என்னும் பணிநிலையக் கணினியின், அதாவது பொறியாளர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்தும் திறன்மிக்க மேசைக் கணினியின், வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். அது சந்தையில் எடுபடவில்லை என்பது ஊரறிந்த செய்தி. எங்கிருந்து வந்தது, கடைசியில் எங்கே வேலைக்கு அமர்ந்தது என்பதே என்னை ஈர்க்கிறது.

1974-இல் நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐ.பி.எம்.மின் வாட்சன் ஆய்வு மையத்தில், நொடிக்கு 300 அழைப்புகளைக் கையாளக்கூடிய தொலைபேசி இணைப்பகத்துக்கு எவ்வளவு வேகமான கணினி வேண்டும் என்று ஆய்வாளர் ஜான் கோக்கும் உடன் பணியாற்றியோரும் கணக்கிட்டார்கள். நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் ஆணைகளை இயக்கும் பொறி தேவைப்பட்டது. அன்றைய பெருங்கணினிகளுக்கே அது எட்டாத வேகம். இணைப்பகத் திட்டம் 1975-இல் கைவிடப்பட்டாலும் ஆய்வு நிற்கவில்லை. இருக்கும் கணினிகளின் ஓட்டத்தை அளந்து பார்த்தபோது, நிரல்கள் பெரும்பாலான நேரத்தைச் சில எளிய ஆணைகளிலேயே கழிப்பது தெரிந்தது. அப்படியானால் அந்த எளிய ஆணைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் செயலியின் கடிகாரத் துடிப்பான ஒரே சுழற்சியில் முடித்து, சிக்கலானவற்றை, நிரலைப் பொறியின் ஆணைகளாக மாற்றித் தரும் கம்பைலரின் பொறுப்பில் விட்டால் என்ன? இப்படித்தான் 801 என்னும் சோதனைக் கணினி உருவானது. அது ஆய்வுக் கட்டடத்தின் எண். இதைவிட எளிமையாகப் பெயர் வைக்க முடியாது!

அந்தச் சிந்தனையைச் சில்லில் இறக்கும் பணி டெக்சாஸின் ஆஸ்டினில், அலுவலகக் கருவிப் பிரிவில் நடந்தது. ஆர்.டி. பி.சி.க்குள் அமர்ந்த ரோம்ப் என்ற அந்தச் செயலியில், கணக்கிடும் எண்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் 32 பிட் அகலமுள்ள 16 பதிவகங்கள் இருந்தன. ஆணைகள் 2 பைட் அல்லது 4 பைட் நீளமே. நிரல் வேறிடத்துக்குத் தாவும்போது சுழற்சி வீணாகாமல் இருக்க, தாவும் ஆணையை அடுத்து நிற்கும் ஆணையையும் அது முடித்துவிடும். பேருந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே நடத்துநர் இன்னொரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவதைப் போன்ற சிக்கனம் அது.

ஆனால் இந்தச் சிக்கனமெல்லாம் வெளியே வருவதற்குள் காலம் ஓடிவிட்டது. சுழற்சிக்கு 170 நானோநொடி எடுத்துக்கொண்ட அந்தச் செயலி, போட்டிப் பணிநிலையங்களுக்கு முன் சோர்ந்து தெரிந்தது. மிதவைப் புள்ளிக் கணக்குக்கு, அதாவது பின்னங்கள் கொண்ட எண்களின் கணக்குக்கு, தனி அட்டை; சாதனங்களுக்கு ஐ.பி.எம்.மின் பழைய தனிக்கணினியான பி.சி. ஏ.டி.யின் செருகிடங்கள்; யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஏ.ஐ.எக்ஸ். இயங்குதளமோ நேரே வன்பொருளின்மேல் நில்லாமல், இடையில் இன்னொரு மென்பொருள் அடுக்கின்மேல் அமர்ந்திருந்தது. என் மதிப்பீட்டில், நல்ல செயலியைச் சுமாரான வீட்டில் குடிவைத்ததே பெரிய பிழை.

பல்கலைக்கழகங்களில் மட்டும் அதற்கு மதிப்பிருந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸைத் தழுவிய ஏ.ஓ.எஸ். இயங்குதளம் அங்கே இந்தக் கணினிகளில் ஓடியது. 1988 ஜூலையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு மையங்களையும் இணைத்த என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு வலையமைப்பு நொடிக்கு 56 கிலோபிட்டிலிருந்து 1.5 மெகாபிட் இணைப்புகளுக்கு மாறியபோது, கணுக்கள் எனப்படும் அதன் 13 சந்திப்பு மையங்களிலும் டோக்கன் ரிங் என்னும் உள்ளக வலையமைப்பால் பிணைக்கப்பட்டு, பொதுவாகக் கணுவுக்கு ஒன்பதாக, தரவுப் பொட்டலங்களை வழிமாற்றி அனுப்பியவை இந்த ஆர்.டி. பி.சி.க்களே. அழைப்புகளை இணைக்கத் தொடங்கிய கணக்கு, பதினான்கு ஆண்டுகள் கழித்து, கிட்டத்தட்ட அதே வேலையில் வந்து அமர்ந்தது. 1990 பிப்ரவரியில் ஆர்.டி. பி.சி.யின் வாரிசான ஆர்.எஸ்./6000 வந்தது, அடுத்த தலைமுறை முதுகெலும்பின் கணுக்களில் அதுவே இடம்பிடித்தது.